ஜைவ் ஏசஸ்: ஆடுகிறவர்களை நம்பிய ஆறு பேர் பேண்ட்

தில்லைமணி எழுதியது:

நம் மன்றத்தின் மேலை இசைப் பகுதியில் பீட்டில்ஸ், குயீன், பிங்க் ஃபிளாய்ட் என்று எத்தனையோ இழைகள் ஓடுகின்றன. ஸ்விங், ஜைவ் என்ற பழைய ஜாஸ் ஆட்ட இசையை வாசிக்கும் பிரிட்டிஷ் பேண்டுகளுக்கு ஒன்றுகூட இல்லை. ஜைவ் ஏசஸை வைத்துத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்கு: 1989-இல் ஆரம்பித்த ஆறு பேர் பேண்ட். முன்னால் நின்று பாடி, டிரம்பெட்டும் உகுலேலேயும் (கிட்டார் மாதிரி ஒரு சின்ன வாத்தியம்) வாசிப்பவர் இயன் கிளார்க்சன். டபுள் பாஸ் கென் ஸ்மித், டிராம்போன் அலெக்ஸ் டக்ளஸ், டெனர் சாக்ஸ் ஜான் ஃபோர்டாம், பியானோ வின்ஸ் ஹர்லி, டிரம்ஸ் பீட்டர் ஹோவெல். பல வருடங்களாக ரசிகர்களுக்குப் பழகிய வரிசை இதுதான். பளீர் மஞ்சளில் கோட்டும் கால்சட்டையும் போட்டிருப்பார்கள். மேடையில் ஒருத்தரும் சும்மா நிற்க மாட்டார்கள்.

இவர்கள் முப்பது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததற்குத் திறமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எழுந்து ஆடுகிறவர்களுக்காக வாசித்தது என்பது என் கட்சி. ஒரு ஹிட் பாட்டால் பேர் வாங்கிய பேண்டுக்கு, அந்தப் பாட்டு பழசானதும் கூட்டம் கரையும். ஆட வருகிறவர்கள் பாட்டு எந்த வருடத்தது என்று பார்ப்பதில்லை. தாளம் நிற்கிறதா, வேகம் காலுக்கு ஒத்துவருகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இரண்டும் சரியென்றால் அடுத்த மாதமும் வருவார்கள், நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

இரண்டாவது காரணம் ஆள் கணக்கு. பழைய பிக் பேண்ட் என்றால் பதினாறு, பதினேழு பேர். அத்தனை பேருக்கும் சம்பளம், சாப்பாடு, தங்க இடம் என்று பார்த்தால் சின்ன அரங்கு தாங்காது. ஆறு பேரும் வாத்தியங்களும் ஒரே வேனில் அடங்கும். மூன்று ஊது வாத்தியம் சேர்ந்து அடித்தால் அரங்கு நிறையும்.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.

------

பழையரெக்கார்ட் எழுதியது:

நல்ல இழை, தில்லை அண்ணா. ஆள் கணக்கைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

இந்தச் சின்ன பேண்ட் வடிவத்தை நிலைநிறுத்தியவர் லூயிஸ் ஜோர்டன். 1908-இல் ஆர்கன்சாவில் பிறந்தவர். சிக் வெப் பிக் பேண்டில் சாக்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர், 1938-இல் வெளியே வந்து டிம்பனி ஃபைவ் என்ற தன் குழுவைத் தொடங்கினார். பேரில் ஐந்து இருந்தாலும் மேடையில் பெரும்பாலும் அதைவிட ஒன்றிரண்டு பேர் அதிகம். ஸ்விங்கின் துள்ளலை எடுத்து, பூகி-வூகி பியானோவை (இடது கை ஒரே உருட்டலை ஓயாமல் வாசிக்கும் பாணி) சேர்த்து, ஷஃபிள் என்ற துள்ளல் தாளத்தில் போட்டு, மேலே நகைச்சுவையான பாட்டு. இதைத்தான் ஜம்ப் புளூஸ் என்கிறார்கள். 1940-களில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசைத் தரவரிசையில் இவரை அசைக்க ஆளில்லை. 'சூ சூ ச்பூகி' மட்டும் 1946-இல் 18 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அதே 1946 டிசம்பரில்தான் பென்னி குட்மன், உடி ஹெர்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்ஸி போன்றவர்களின் பிக் பேண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. போர்க்காலத்தில் ஆட்டமும் பாட்டும் உள்ள இடங்களுக்கு அமெரிக்க அரசு போட்ட வரி, ஏறிப்போன சம்பளம், வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்து பிக் பேண்டைச் சாய்த்தன. ஜோர்டனின் சின்ன பேண்டை அசைக்கவில்லை.

இன்னொன்று. டெக்கா ரெக்கார்ட் கம்பெனியில் ஜோர்டனின் ரெக்கார்டுகளைத் தயாரித்த மில்ட் கேப்ளர்தான் 1954-இல் பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த கிளாக்'கையும் தயாரித்தார். ராக் அண்ட் ரோல் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நேரடி சாட்சி வேண்டாம்.

------

நிலாமதி எழுதியது:

அண்ணா, இதெல்லாம் அமெரிக்கக் கதைதானே? பிரிட்டனுக்கு எப்படி வந்தது? நான் லண்டனில் லிண்டி ஹாப் (ஸ்விங் இசைக்கு ஜோடியாக ஆடும் ஆட்டம்) கற்றுக்கொள்கிறேன், ஆனால் இந்த ஊருக்கு இது வந்த வழி தெரியாது.

------

பழையரெக்கார்ட் எழுதியது:

நல்ல கேள்வி. வந்தது சிப்பாய்களோடு. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிப் படையெடுப்புக்கு முன் பிரிட்டனில் 15 லட்சத்துக்கும் மேல் அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். லண்டன் பிக்காடிலியில் 1942 நவம்பரில் அவர்களுக்காகத் திறந்த ரெயின்போ கார்னர் கிளப்பிலும், ஊரூராக இருந்த டான்ஸ் ஹால்களிலும் அவர்கள் ஜிட்டர்பக் என்ற துள்ளலான ஜோடி ஆட்டம் ஆடினார்கள். பிரிட்டிஷ் இளைஞர்கள் பார்த்துப் பழகினார்கள். சுழற்றி வீசும் ஆட்டம் மற்றவர்கள் மேல் இடிக்கிறது என்று பல ஹால்களில் அதற்குத் தடை போட்டார்கள். போர் முடிந்து சிப்பாய்கள் திரும்பிப் போனார்கள், ஆட்டம் தங்கிவிட்டது. பிரிட்டிஷ் ஜைவின் வேர் அங்கேதான்.

கவனிக்க வேண்டியது, ஆட்டம் வந்த அளவுக்கு இசைக்காரர்கள் வரவில்லை. 1935-இலிருந்து 1956 வரை அமெரிக்க பேண்டுகள் பிரிட்டனில் வந்து வாசிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். உள்ளூர் இசைக்கலைஞர் சங்கத்தின் எதிர்ப்பு ஒரு பக்கம், அனுமதி தராத தொழிலாளர் அமைச்சகம் இன்னொரு பக்கம். லூயிஸ் ஜோர்டன் உச்சத்தில் இருந்தபோது பிரிட்டன் ரசிகர்கள் அவரை மேடையில் பார்க்கவே இல்லை. 1962-இல் பிரிட்டிஷ் ஜாஸ்காரர் கிறிஸ் பார்பரின் பேண்டோடு வந்தபோது அவருடைய நல்ல காலம் முடிந்திருந்தது. ஒரு தலைமுறையே இந்த இசையை ரெக்கார்டிலிருந்துதான் கற்றது. பிரிட்டிஷ் ஜைவ் பேண்டுகளின் சின்னச் சின்ன விவரங்களில் இருக்கும் துல்லியத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

------

ரிதம்ராஜா எழுதியது:

நான் மிருதங்கம் வாசிப்பவன். தாள விஷயத்தை நான் சொல்கிறேன்.

ஸ்விங் என்றால் என்ன என்று கேட்டால் பலர் 'ஒரு துள்ளல்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். நம்மவர்களுக்கு அதைப் புரியவைப்பது எளிது. ஒரு அட்சரத்தை, அதாவது தாளத்தின் ஒரு தட்டை, திஸ்ர நடையில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: த-கி-ட. நடுவிலுள்ள 'கி'யை விழுங்கிவிட்டு 'த'வையும் 'ட'வையும் மட்டும் அடியுங்கள். த...ட த...ட த...ட. ஷஃபிள் இதுதான். டிரம்மரின் வலது கை சிம்பலில் இதையேதான் ஓட்டுகிறது. பாஸ்காரர் ஒவ்வொரு அட்சரத்திலும் ஒரு ஸ்வரம் வைத்து நடந்துகொண்டே இருப்பார். இரண்டாவது, நான்காவது அட்சரங்களில் அழுத்தம் விழும். நாம் முதல் அட்சரத்தில் கை தட்டிப் பழகியவர்கள், அதனால் ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறும்.

இந்தப் பிரிவு எப்போதும் கச்சிதமாக இரண்டுக்கு ஒன்று கிடையாது. நிதானமான பாட்டில் 'ட' நன்றாகப் பின்தள்ளி வரும். வேகம் கூடக்கூட இடைவெளி சமமாகிக்கொண்டே போகும். மிக வேகமான பாட்டில் ஏறக்குறைய நேர் பிரிவாகிவிடும். அதை எங்கே எவ்வளவு வளைப்பது என்பதில்தான் நல்ல டிரம்மர் தெரிவார். ஜைவ் ஏசஸில் பீட்டர் ஹோவெல் இதைப் பிரமாதமாகச் செய்வார். மற்றவர்கள் மேடையில் குதித்துக்கொண்டிருக்க, தாளம் ஒரு இழை நகராது. அவர் கையை மட்டும் பார்த்து ஒரு வீடியோ முழுக்கக் கேளுங்கள்.

------

நிலாமதி எழுதியது:

ராஜா அண்ணா சொன்ன பிறகு வகுப்பில் என் கால் ஏன் முந்துகிறது என்று புரிந்தது. 'கி'யை விழுங்காமல் மிதிக்கிறேன்!

ஆடுகிறவள் என்ற முறையில் தில்லை அண்ணா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நிமிடத்துக்கு 120-இலிருந்து 180 அட்சரம் வரை இருந்தால் புதியவர்களும் ஆடலாம். 200-ஐத் தாண்டினால் தேர்ந்தவர்கள் மட்டும் ஃப்ளோரில் இருப்பார்கள், மற்றவர்கள் சுவரோரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். நல்ல டான்ஸ் பேண்ட் இதைப் பார்த்துக்கொண்டே வாசிக்கும். வேகமாக ஒன்று போட்டால் அடுத்து மூச்சு வாங்க ஒன்று. பாட்டும் மூன்று, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் இங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் ஜோடி மாறுவது வழக்கம். ஜாஸ் கிளப்பில் கேட்பதுபோல் எட்டு நிமிட சோலோ வந்தால், அறிமுகமே இல்லாத ஒருவரோடு ஆடிக்கொண்டிருப்பவர் பாவம், எப்போது முடியும் என்று மேடையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

------

வால்சால்வாசி எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஜைவ் ஏசஸை மட்டும் தூக்கிவைத்தால் எப்படி? இங்கிலாந்தின் நடுப்பகுதியான எங்கள் மிட்லண்ட்ஸ் பக்கம் கிங் பிளெஷர் அண்ட் த பிஸ்கட் பாய்ஸ் இருக்கிறார்கள். வால்சாலில் 1980-களிலேயே தொடங்கியவர்கள், ஜைவ் ஏசஸுக்கு மூத்தவர்கள். (1950-களில் பாடிய அமெரிக்க ஜாஸ் பாடகர் கிங் பிளெஷர் வேறு, இவர் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இவர்களிடம் பளபளப்பு குறைவு, முரட்டுத்தனம் அதிகம். பாரிடோன் சாக்ஸ் அடியிலிருந்து உறுமும். புளூஸ் வாடை தூக்கலாக இருக்கும். லூயிஸ் ஜோர்டனின் வழி என்றால் இவர்களைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இவர்களை ரெக்கார்ட் செய்தது பர்மிங்காமின் பிக் பேர் ரெக்கார்ட்ஸ். அதை நடத்தும் ஜிம் சிம்ப்ஸன் யார் தெரியுமா? பிளாக் சப்பாத்தின் முதல் மேனேஜர். ஹெவி மெட்டல் பிறந்த அதே ஊரில், அதே மனிதர் கையிலிருந்து ஜம்ப் புளூஸ் பேண்டும் வந்திருக்கிறது. எங்கள் ஊரைப் பற்றி இப்படியும் யாராவது எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

------

தில்லைமணி எழுதியது:

தாராளமாக எழுதுங்கள் தம்பி, இழை எல்லோருக்கும்தான். பிஸ்கட் பாய்ஸ் அளவுக்கு ஓயாமல் சுற்றி வாசிக்கிறவர்கள் அபூர்வம். ஜைவ் ஏசஸ் கிளம்புவதற்கு முன்பே இந்த ரசனைக்குக் கூட்டம் சேர்ந்திருந்தது என்பதும் சரி.

அதற்கு வழி திறந்ததில் ஜோ ஜாக்சனுக்குப் பங்கு உண்டு. 1979-இல் 'லுக் ஷார்ப்!' ஆல்பம் போட்டு நியூ வேவ் (பங்க்கை அடுத்து வந்த ராக் பாணி) நட்சத்திரமானவர். 1981-இல் திடீரென்று எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு 'ஜம்பின் ஜைவ்' என்ற ஆல்பம் கொண்டுவந்தார். முழுக்க லூயிஸ் ஜோர்டன், கேப் காலோவே காலத்துப் பாட்டுகள். பிரிட்டனில் 14-ஆம் இடம் வரை போனது. பங்க் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு 'இதுவும் அதே சூடுதானே' என்று தோன்ற வைத்த ஆல்பம். அடுத்த வருடமே அவர் 'நைட் அண்ட் டே'க்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு நிறுத்தம், மற்றவர்களுக்கு அதுவே தொழிலானது.

1990-இல் 'ஃபைவ் கைஸ் நேம்ட் மோ' நாடகமும் சேர்ந்துகொண்டது. ஜோர்டன் பாட்டுகளை வைத்து கிளார்க் பீட்டர்ஸ் எழுதியது. கிழக்கு லண்டன் ஸ்ட்ராட்ஃபர்டில் தொடங்கி வெஸ்ட் எண்டுக்குப் போய் வருடக்கணக்கில் ஓடியது, 1992-இல் பிராட்வேக்கும் போனது.

------

சோஹோராத்திரி எழுதியது:

ரே ஜெலாட்டோவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. இந்த வரிசையில் இசைக்காக மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அவரைத்தான் சொல்வேன்.

1980-களில் ஷெவாலியே பிரதர்ஸ் என்ற பேண்ட். அப்புறம் ஜயண்ட்ஸ் ஆஃப் ஜைவ். 1990-களிலிருந்து ரே ஜெலாட்டோ ஜயண்ட்ஸ். டெனர் சாக்ஸில் அந்தப் பருத்த, கரகரத்த தொனியை இன்றைக்கு பிரிட்டனில் அவர் அளவுக்கு வைத்திருப்பவர் குறைவு. குரலில் இத்தாலிய-அமெரிக்கச் சாயல். லண்டன் சோஹோவில் ரோனி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப்பில் கிறிஸ்துமஸ் சமயத்தில் வருடா வருடம் வாசிக்கிறார். அந்த மேடையில் அப்படி ஒரு நிரந்தர இடம் கிடைப்பது சாதாரணம் இல்லை.

ஜைவ் ஏசஸைக் குறை சொல்லவில்லை. ஆனால் மஞ்சள் உடையும் குதியாட்டமும் சேர்ந்து சில நேரம் இசையை மறைக்கின்றன என்பது என் அபிப்பிராயம். அந்த டிராம்போனும் டெனரும் சேர்ந்து திரும்பத் திரும்ப வாசிக்கும் சின்ன ரிஃப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான் எவ்வளவு சுத்தம் என்று தெரிகிறது.

------

தில்லைமணி எழுதியது:

ஜெலாட்டோ விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை கிடையாது. குதியாட்டம் இசையை மறைக்கிறது என்பதில்தான் உண்டு.

இவர்கள் எல்லோருக்கும் குரு லூயி பிரிமா. நியூ ஆர்லியன்ஸில் 1910-இல் பிறந்த சிசிலிய வம்சாவளிக்காரர். பென்னி குட்மன் புகழாக்கிய 'சிங், சிங், சிங்'கை 1936-இல் எழுதியவர் இவர்தான். பிக் பேண்ட் காலம் முடிந்து வாய்ப்பு வறண்டபோது, 1954 கடைசியில் லாஸ் வேகஸ் சஹாரா ஹோட்டலின் லவுஞ்சில் வாசிக்கப் போனார். மனைவி கீலி ஸ்மித், சாக்ஸ்காரர் சாம் புட்டேரா, ஒரு சின்னக் குழு. நள்ளிரவில் தொடங்கி விடியும் வரை வாசிப்பார்கள். அது மெயின் அரங்கு கிடையாது. மதுக் கவுன்டரை ஒட்டிய இடம். சூதாட்ட மேசைக்கும் கதவுக்கும் நடுவே நடந்துபோகிறவனை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. பிரிமா கத்துவார், குதிப்பார், கோமாளித்தனம் செய்வார். கீலி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இந்த ஆட்டத்துக்குக் கீழே ஷஃபிள் மட்டும் இம்மி பிசகாது.

1956-இல் வந்த 'ஜஸ்ட் எ ஜிகோலோ'வைக் கேளுங்கள். இரண்டு பழைய பாட்டுகளை ஒட்டிப்போட்டது. பிரிமா ஒரு வரியைப் பாடிவிட்டு விடுகிற இடத்தில் குழு முழுக்க அதைத் திருப்பிக் கத்தும். அவர் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பாடிக்கொண்டே போவார், பின்னால் டிரம்ஸ் இழுத்துப் பிடித்திருக்கும். கோமாளித்தனத்தை எடுத்துவிட்டால் அந்த இழுபறியே கிடையாது. ஜைவ் ஏசஸ் பிரிமாவுக்கென்றே ஒரு முழு ஆல்பம் போட்டவர்கள். அவர்களுடைய குதியாட்டம் அங்கிருந்து வந்த பாடம்.

பிரிமாவின் குரல் இங்கே எல்லோருக்கும் தெரியும். 1967 டிஸ்னி 'ஜங்கிள் புக்'கில் குரங்கு ராஜா லூயி அவர்தான்.

------

பழையரெக்கார்ட் எழுதியது:

அமெரிக்க ஒப்பீடு ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். 1990-களின் பிற்பாதியில் அங்கே ஸ்விங் அலை ஒன்று அடித்தது. 1998-இல் கேப் துணிக்கடை விளம்பரத்தில் பிரிமாவின் 'ஜம்ப், ஜைவ் அண்ட் வெயில்' வந்தது. பிரையன் செட்ஸர் அதே பாட்டுக்கு கிராமி வாங்கினார். பிக் பேட் வூடூ டாடி என்ற பேண்ட் 1999 சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி) இடைவேளையில் வாசித்தது. அதற்கு மேல் ஏற இடம் இல்லை. இரண்டே வருடத்தில் வானொலி ஸ்விங் பேண்டுகளைக் கைவிட்டது.

பிரிட்டனில் அந்த அளவுக்கு அலை எழவும் இல்லை, அதனால் விழவும் இல்லை. திருமணம், கம்பெனி விருந்து, வார இறுதி டான்ஸ் முகாம், ஜாஸ் திருவிழா, வெளிநாட்டுப் பயணம் என்று வேலை பரவிக் கிடந்தது. தில்லை அண்ணாவின் வாதத்துக்கு இது வலு சேர்க்கும் என்று நினைக்கிறேன்.

------

வால்சால்வாசி எழுதியது:

ஆனால் ஜைவ் ஏசஸுக்கும் ஒரு 'ஹிட்' உண்டே? 2011-இல் 'பிரிங் மீ சன்ஷைன்' வீடியோ இணையத்தில் பத்து லட்சக்கணக்கில் பார்க்கப்பட்டது. மறு வருடம் 'பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்' டிவி திறமைப் போட்டியில் அரையிறுதி. உங்கள் வாதம் அங்கே இடிக்கிறது, அண்ணா.

------

தில்லைமணி எழுதியது:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் வருடத்தைப் பாருங்கள். பேண்ட் தொடங்கி இருபத்திரண்டு வருடம் கழித்து வந்த வீடியோ அது. அதற்குள் அவர்களுக்கு மேடையும் இருந்தது, கூட்டமும் இருந்தது. அந்த வீடியோ வராமல் போயிருந்தாலும் அடுத்த வாரம் அவர்களுக்கு எங்காவது கச்சேரி இருந்திருக்கும்.

பாட்டைத் தேர்ந்தெடுத்ததுதான் கெட்டிக்காரத்தனம். அமெரிக்காவில் எழுதிய பாட்டுதான் அது. ஆனால் பிரிட்டனில் அது மோர்கம்-வைஸ் நகைச்சுவை ஜோடியின் பாட்டு. அவர்கள் டிவி நிகழ்ச்சி முடிவில் ஒரு கை தலைக்குப் பின்னால், ஒரு கை முதுகுக்குப் பின்னால் என்று மாற்றி மாற்றி வைத்துத் துள்ளிக்கொண்டே போவார்கள். ஒரு தலைமுறைக்குக் கிறிஸ்துமஸ் என்றாலே அந்த ஜோடிதான். அந்தப் பாட்டை உகுலேலேயில் தொடங்கி ஸ்விங்காக மாற்றினால், பாட்டி முதல் பேரன் வரை ஒரே வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

2012 போட்டியில் வென்றது ஆஷ்லியும் அவருடைய நாய் பட்ஸியும். அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, அந்த நாய் அருமையாக ஆடியது. ஆனால் அந்த மேடை பெரும்பாலும் ரெக்கார்ட் போட்டுப் பாடுகிறவர்களுக்கான மேடை. அதில் ஆறு பேர் சொந்த வாத்தியத்தோடு வந்து அரையிறுதி வரை நின்றது பெரிய காரியம்.

------

நிலாமதி எழுதியது:

ஒன்று கேட்கலாமா? ஜைவ் ஏசஸ் சைன்டாலஜி என்ற மத இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்று என் வகுப்பில் ஒருவர் சொன்னார். அதனால் அவர்கள் நிகழ்ச்சிக்குப் போக மாட்டேன் என்றும் சொன்னார்.

------

தில்லைமணி எழுதியது:

உண்மைதான், மதி. அவர்கள் மறைத்ததும் இல்லை. அந்த இயக்கத்தின் பிரிட்டிஷ் தலைமையகம் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் அருகே செயின்ட் ஹில்லில் இருக்கிறது. பேண்டுக்கும் அந்த இடத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு, இயக்கத்தின் போதை எதிர்ப்புப் பிரசாரத்துக்கும் வாசித்திருக்கிறார்கள். அந்த இயக்கத்தின் மேல் கடுமையான விமர்சனங்கள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றோடு எனக்கும் உடன்பாடு. போகாதவருடைய முடிவை மதிக்கிறேன். நான் பொது அரங்குகளில் நடக்கும் அவர்களுடைய கச்சேரிக்குப் போவேன், செயின்ட் ஹில்லில் நடப்பதற்குப் போக மாட்டேன். என் கோடு அங்கே இருக்கிறது.

------

சோஹோராத்திரி எழுதியது:

நேர்மையான பதில். இதை மறைத்துவிட்டு அவர்கள் வரலாற்றை எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

பேண்ட் கலையாமல் இருப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஒரே நம்பிக்கை உள்ளவர்கள் சேர்ந்து உழைக்கும்போது சம்பளத் தகராறில் பிரிகிற வாய்ப்பு குறைவு. 2020 ஊரடங்கில் மற்ற பேண்டுகள் ஆளுக்கொரு வீட்டில் மாட்டிக்கொண்டு வாசிப்பைத் தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டிக்கொண்டிருந்தபோது, இவர்கள் ஒன்றாக நின்று இணையத்தில் நேரலையாக வாசித்தார்கள். ஸ்விங் இசையைத் தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டினால் எடுபடாது. பாஸும் டிரம்ஸும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்க வேண்டும்.

------

ரிதம்ராஜா எழுதியது:

அந்தக் கடைசி வரிக்கு என் முழு ஆமோதிப்பு.

யாராவது ஒரு கேட்கும் வரிசை கொடுங்கள், மிருதங்க மாணவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

------

பழையரெக்கார்ட் எழுதியது:

முதலில் லூயிஸ் ஜோர்டனின் 'கால்டோனியா', 1945. அதில் ஷஃபிளைக் கையால் தட்டிப் பழகச் சொல்லுங்கள். அடுத்து பிரிமாவின் 'ஜஸ்ட் எ ஜிகோலோ'. பிறகு ஜோ ஜாக்சனின் 'ஜம்பின் ஜைவ்' ஆல்பத்தை முழுதாக. அப்புறம் பிஸ்கட் பாய்ஸ், ஜெலாட்டோ இரண்டிலும் நேரடிக் கச்சேரிப் பதிவாகத் தேடுங்கள், ஸ்டுடியோ பதிவைவிட அதில்தான் தாளம் திறந்து கேட்கும். கடைசியாக 'பிரிங் மீ சன்ஷைன்' வீடியோ.

------

நிலாமதி எழுதியது:

ஆட வருகிறவர்களுக்கு என் பங்குக்கு ஒன்று: ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டின் 100 கிளப் மாதிரி இடத்தில் ஸ்விங் இரவு என்றால், பெரும்பாலும் தொடக்கத்தில் புதியவர்களுக்கு ஒரு வகுப்பு இருக்கும். நேரத்தோடு போங்கள். ரப்பர் அடி ஷூ வேண்டாம், ஃப்ளோரில் பிடித்துக்கொண்டு முட்டி திரும்பிவிடும். தோல் அடி உள்ள பழைய ஷூ போதும். ஜோடி கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை, அங்கே யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

------

வால்சால்வாசி எழுதியது:

பிஸ்கட் பாய்ஸ் எங்கள் பக்கம் அடுத்து எப்போது வாசிக்கிறார்கள் என்று பார்த்து இங்கேயே போடுகிறேன். வருகிறவர்கள் பேர் கொடுங்கள், சேர்ந்து போகலாம்.